பொசோ துல்சேயின் கூரை

பொசோ துல்சே என்றால் இனிப்புக் கிணறு. அந்தப் பெயரை வைத்த சர்வேயர் மட்டும் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நிக்காசியா பல முறை சொல்லியிருக்கிறாள். ரயில் பாதைக்கு இடம் பார்க்க வந்தவன், பெருமழை ஓய்ந்த மறுநாளாகப் பார்த்து வந்தான். கிணற்றில் மேலாகத் தேங்கி நின்ற மழைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தான், வரைபடத்தில் பெயரை எழுதினான், போய்விட்டான். அடுத்த கோடையில் கோடரிக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கி வாளியை விட்டுப் பார்த்தால், ஆடுகூட யோசித்துத்தான் வாய் வைக்கும் அளவுக்கு உப்பு. ஆனால் அதற்குள் பெயர்ப் பலகையை இரும்பில் வார்த்து நட்டுவிட்டார்கள்.

அந்த உப்புதான் ஊரை வாழ வைத்தது என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். நீராவி எஞ்சினுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிகலன் முழுக்கப் பொருக்குத் தட்டிவிடும். ஆகவே ரயில்காரர்கள் எஞ்சினுக்கென்று நல்ல தண்ணீரைத் தொட்டி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். எஞ்சின் குடித்து மிச்சம் வைத்ததை ஊர் குடித்தது. காட்டில் இரும்பு போல் இறுகிய கெப்ராச்சோ மரத்தை வெட்டி, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையாக அறுத்து அடுக்கி வைப்பார்கள். ரயில் கட்டையை ஏற்றிக்கொண்டு தண்ணீரை இறக்கிவிட்டுப் போகும். நாட்டின் பாதித் தண்டவாளம் எங்கள் ஊர்க் கட்டையின் மேல்தான் படுத்திருக்கிறது என்பார்கள் பொசோ துல்சேக்காரர்கள். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த மரத்தில் ஒரு தடவை கோடரி போட்டுப் பார்த்தவன் எவனும் அவர்களை மறுத்துப் பேசியதில்லை.

கட்டைகளும் கரியும் நனையாமல் இருக்க ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய சரக்குக் கொட்டகை போட்டார்கள். நகரத்துத் தேவாலயத்தைத் தூக்கி அதற்குள் வைத்துவிடலாம், மணிக்கூண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தகரக் கூரையில் விழுந்த மழையெல்லாம் மணலில் கொட்டி வீணாவதைக் கண்டு பொறுக்காத ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். பெயர் பொலிகார்ப்போ ஆவிலா. கூரை விளிம்புக்குத் தகர வாய்க்கால் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோய், கடைசியில் மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டித் தானே செய்துகொண்டார். பிளாட்பாரத்துக்கு அடியில் ஊரே சேர்ந்து தொட்டி தோண்டிச் செங்கல்லும் சுண்ணாம்பும் பூசியது. எப்பேர்ப்பட்ட மனிதர்! ரயில் இலாகாவின் கூரையை ஊருக்குக் குடமாக்கிய கைக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். பணி ஓய்வுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு கைக்கடிகாரம், அதுவும் ஓடவில்லை.

பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அதற்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டி வண்டி குறைந்தது. பிறகு பாதையையே மூடிவிட்டார்கள், ரயில் நின்றது. கூரை மட்டும் நின்றபடியே இருந்தது. கோடை முடிவில் பெய்கிற சில மழைகளைப் பிடித்துத் தொட்டியில் விட்டால், பார்த்துச் செலவழிக்கும் ஊருக்கு அடுத்த மழை வரை ஓடும். தொட்டி மூடியின் சாவி நிக்காசியாவிடம் இருந்தது.

நிக்காசியா சந்தில்யான் நாற்பதைத் தாண்டிய, ஆடு வளர்த்துப் பால்கட்டி விற்கிற, வாய் ஓயாத பெண். அவள் கணவன் லிபோரியோ மற்ற ஆண்களோடு தெற்கே உருளைக்கிழங்கு பறிக்கப் போனால் குளிர் தொடங்கும்போதுதான் திரும்புவான். ஊரில் இருப்பவர்கள் பெண்களும் கிழவர்களும்தான். கூரையைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும். "லிபோரியோவைக் கட்டினதுக்கு நீ அந்தக் கூரையையே கட்டியிருக்கலாம்டி" என்று கேலி செய்வார்கள். "அது ஒழுகாதுல்ல" என்பாள் இவள்.

அந்த நாட்டில் ஜனவரிதான் உச்சக் கோடை. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், அடுத்த ஸ்டேஷன் ஊரிலிருந்து அவுதெலினா கழுதை வண்டியில் வந்தாள். நிக்காசியாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள், அந்த உறவில் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் கட்டில், கோழிக் கூண்டு, தையல் மெஷின் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

"என்ன கொமாத்ரே, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டே?"

"வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எங்க ஸ்டேஷன் கூரையப் பிரிச்சு லாரில ஏத்திட்டுப் போயிட்டானுங்க. பழைய இரும்பு ஏலத்துல எடுத்துட்டானாம் ஒருத்தன். பெர்த்தோலினின்னு பேரு, நகரத்துக்காரன். தண்டவாளம், தகரம் எல்லாம் அவனுக்குத்தானாம்."

"நீங்க சும்மாவா விட்டீங்க?"

"விடுவமா? குறுக்க படுத்தோம், கத்தினோம், கல்லால அடிச்சோம். போலீசைக் கூட்டிட்டு வந்துட்டான். பாதிப் பேரு நகரத்துக்குப் போயாச்சு, நானும் போறேன்." அவுதெலினா கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு மறுநாள் உங்க ஊருதான், நிக்கா."

நிக்காசியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூரை போனால் தொட்டி போகும். தொட்டி போனால் ஊரில் ஒரு வீடு தங்காது, கிழவர்களைக் கழுதை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். லிபோரியோ திரும்பி வரும்போது வீடு இருக்கும், ஊர் இருக்காது. போலீசுக்கு முன்னால் கத்திப் பயனில்லை என்பதும் தெரிந்துபோயிற்று.

"கூரை பிரிக்க வந்தவனுங்க யாரு? நகரத்துப் பசங்களா?"

"இல்லடி, நம்ம பக்கத்து ஆளுங்கதான், ஆத்தங்கரைக்காரனுங்க. மேஸ்திரி பேரு பவுதிலியோ. கல்லடி படறப்பக்கூட 'மன்னிச்சுக்குங்கம்மா'ன்னுதான் பிரிச்சான் பாவி."

நிக்காசியா எழுந்து பட்டிக்குப் போய், இருப்பதிலேயே கொழுத்த இரண்டு குட்டிகளைப் பிரித்துக் கட்டினாள்.

"நாளன்னிக்கு மிங்கா" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். "கூரைக்கு ஆணி அடிக்க. பழைய ஆணி இருக்கறவங்க தட்டி நிமித்தி எடுத்துட்டு வாங்க. செராப்பியோ மாமா, உங்க வயலினையும் கொண்டு வாங்க."

மிங்கா தெரியாதவர்கள் அந்தக் காட்டில் கிடையாது. ஒருவருக்குப் பெரிய வேலை, கிணறு வெட்டுவதோ வீடு வேய்வதோ, வந்தால் அவர் சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார். கூலி கிடையாது. ஆனால் அந்தப் பந்தியில் கை நனைத்தவன் பொழுது சாயும் வரை கூப்பிட்டவருக்கு வேலை செய்தாக வேண்டும். கடன் கொடுத்தவனை ஏமாற்றினாலும் பரவாயில்லை என்பார்கள். மிங்காவில் சாப்பிட்டுவிட்டு நழுவியவனை யாரும் மறப்பதில்லை. அவன் வீடு கட்டும் நாளில் ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்காது.

சொன்ன நாளில் லாரி நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்பு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மேஸ்திரி பவுதிலியோவும் நாலு ஆட்களும் கடப்பாரையோடு இறங்கினார்கள். கல் விழும் என்று எதிர்பார்த்துக் குனிந்தபடி வந்தவர்களுக்கு வயலின் சத்தம் கேட்டது. கொட்டகை நிழலில் நீள மேஜை. சோளமும் பூசணியும் இறைச்சியும் சேர்ந்து கொதிக்கிற லோக்ரோ, ஒரு அண்டா. கம்பியில் கோத்த ஆட்டுக்குட்டி தணலில் சொட்டிக்கொண்டிருந்தது. பவுதிலியோ தொப்பியைக் கழற்றினார்.

"விசேஷமாம்மா, தோன்யா? இன்னிக்கு எந்தப் புனிதருக்கு?"

"முதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. விசேஷம் எங்க ஓடிப்போகுது?" என்றாள் நிக்காசியா. குவளைகளில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

புனிதர் விருந்தில் வந்தவனைச் சாப்பிடச் சொன்னால் மறுப்பது மரியாதை இல்லை. அதுவும் இல்லாமல், அந்த மணத்துக்கு முன்னால் புனிதரே வந்திருந்தாலும் தட்டை நீட்டியிருப்பார். ஆட்கள் உட்கார்ந்தார்கள். முதல் தட்டு பேச்சில்லாமல் போயிற்று. இரண்டாவதில் ஒருவன் சமைத்தவளைப் புகழ்ந்தான். மூன்றாவதைப் பாதி முடித்த பவுதிலியோ மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவாவது சொல்லுங்க, புனிதர் யாரு? கும்பிட்டுட்டு, நாளைக்கு வேலையப் பாத்துக்கறோம். விசேஷ நாள்ல கூரையில கை வெச்சா எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து உதைப்பா."

"புனிதரெல்லாம் இல்ல, தோன் பவுதிலியோ. மிங்கா."

கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. வயலினும் நின்றது. ஒருவன் மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டேயிருந்தான். பக்கத்திலிருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான்.

"யாரோட மிங்கா?"

"என்னோடது."

"என்ன வேலைக்கு?"

நிக்காசியா உதட்டைக் குவித்து மேலே காட்டினாள். "கூரைக்கு ஆணி அடிக்க."

பவுதிலியோ கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, தோன்யா."

"சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் பக்கத்துத் தப்புதான்." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "வேண்டாம்னா தட்டை வெச்சுட்டுப் போங்க. யாரும் கையைப் புடிக்கல."

"தட்டை வெக்கலாம். உள்ள போனதை எப்படி வெக்கிறது?" என்றார் பவுதிலியோ.

மேஜையின் கடைசியில் செராப்பியோ கிழவன் களுக்கென்று சிரித்தான். அடுத்தாற்போல எலும்புக்காரன் சிரித்தான். பவுதிலியோ கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த லோக்ரோவைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். கடன் ஏறியாயிற்று, பாதியில் விட்டு என்ன லாபம். பிறகு லாரியிலிருந்து ஏணியை இறக்கச் சொன்னார். பிரிப்பதற்குக் கொண்டுவந்த ஏணி அது.

அந்த மத்தியானம் பொசோ துல்சே மறக்கக்கூடிய மத்தியானம் அல்ல. ஏணியின் கீழே பெண்கள் நிமிர்த்திய ஆணிகளை டப்பாவில் போட்டு மேலே அனுப்பினார்கள். தகரம் காலைச் சுட்டதால் ஆட்கள் சாக்கை விரித்து அதன்மேல் மண்டியிட்டு அடித்தார்கள். நன்றாகவும் அடித்தார்கள். தெரிந்தவன் கை தெரிந்தவன் கைதான். காற்றில் கழன்றிருந்த தகரங்களை முடித்துவிட்டு பவுதிலியோ இறங்கப் பார்த்தபோது, கீழிருந்து நிக்காசியா கத்தினாள்.

"அந்தப் பக்கமும் அடிங்க. தகரத்துக்கு ஒரு ஆணியாவது போடுங்க."

"இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கே, எதுக்கு?"

"மிங்காக்காரி சொல்றேன், அடிங்க. ஒண்ணு விடாம."

பவுதிலியோ சுத்தியலை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார். கூரை மேட்டில் உட்கார்ந்துவிட்டார். கீழே நின்ற பெண்ணையும், ஆணி வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், இருமல் வரும் வரை.

"டேய், நம்மளை மொத்தமா முடிச்சுட்டாடா! நாளைக்கும் சேத்து முடிச்சுட்டா!"

மிங்காவில் அடித்த ஆணியை அடித்த கை பிடுங்காது. பிடுங்கினால் கை சூம்பிவிடும் என்று கிழவர்கள் சொல்வார்கள். சூம்புகிறதோ இல்லையோ, அப்படிச் செய்தவனோடு அதற்குப் பிறகு யாரும் மாத்தே இலைக் கஷாயத்தைப் பகிர்ந்து பருகமாட்டார்கள். ஒரு நாளைக்கு வேலையை நிறுத்த நிக்காசியா விருந்து வைக்கவில்லை. அத்தனை தகரத்திலும் அவர்கள் கை பட்டாக வேண்டும் என்பதற்காக வைத்தாள். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. நான் அவளை மெச்சுகிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

இறங்கி வந்தவரிடம் அவள் மாத்தேயை நீட்டினாள். "உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன். அதுக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"தண்டவாளம் எடுக்கற கூலி இருக்கு, செத்துப்போக மாட்டோம்." அவர் உறிஞ்சினார். "போன ஊர்ல பிரிச்சப்ப எனக்கும் தூக்கம் வரல. ஆனா முதலாளி வருவான். அவன் கை எந்த மிங்காவுலயும் நனைஞ்சதில்ல."

வெயில் சாயத் தொடங்கும்போது பெர்த்தோலினியின் வண்டி வந்தது. இறங்கியவர் கூரையைப் பார்த்தார். பிரிக்க அனுப்பிய ஆட்கள் பிரிக்க அனுப்பிய கூரையில் வரிசையாக மண்டியிட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார்.

"பவுதிலியோ! என்னடா பண்றீங்க?"

"ஆணி அடிக்கிறோம் முதலாளி."

"அது தெரியுது! எதுக்கு?"

"சாப்பிட்டுட்டோம்" என்றார் பவுதிலியோ.

மிச்சத்தை ஊரே சேர்ந்து விளக்கியது. பெர்த்தோலினி கேட்கக் கேட்க அவர் கழுத்து வீங்கியது. ஏலத் தாளை எடுத்து ஆட்டினார். அரசாங்க முத்திரை எல்லாம் சரியாகவே இருந்தது. "இது என் கூரை. நான் வாங்கினது. வேற ஆளுங்களைக் கொண்டு வருவேன்."

"எங்கேர்ந்து முதலாளி? இது மிங்கா ஆணின்னு தெரிஞ்சா ஆத்தங்கரையிலேர்ந்து இங்க வரைக்கும் ஒருத்தன் ஏணி ஏற மாட்டான்" என்றார் பவுதிலியோ.

"அப்படியா? நானே ஏறுறேன்."

கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். ஏறத் தெரியவில்லை, ஆனால் கோபம் ஏற்றியது. ஏணியின் கீழ்க்காலைப் பவுதிலியோ பிடித்துக்கொண்டார். விழுந்து கிழுந்து வைத்தால் அது வேறு வம்பு. நிக்காசியா அண்ணாந்து நின்றாள். இதை அவள் நினைத்திருக்கவில்லை. எல்லாக் கைகளையும் கட்டினாள், இந்தக் கையை எப்படிக் கட்டுவது? ஒரு தகரம் போதும். ஒன்று கழன்றால் மற்றதெல்லாம் வரும்.

பெர்த்தோலினி மேட்டுக்குப் போய் நிமிர்ந்து நின்றார். எங்கே தொடங்கலாம் என்று சுற்றிலும் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அங்கிருந்து என்ன தெரியும் என்று நிக்காசியாவுக்குத் தெரியும். தகர வாய்க்காலில் சருகு அள்ள அவள் ஏறியிருக்கிறாள். கீழே நின்றால் முள்ளும் மணலும்தான். மேலே நின்றால் ஒவ்வொரு குடிசை வாசலிலிருந்தும் ஒரு வெள்ளைத் தடம் கிளம்புவது தெரியும். பீப்பாய் இழுத்த கழுதைகளும் குடம் சுமந்த பெண்களும் மிதித்து மிதித்துப் புல் முளைக்காமல் போன தடங்கள். காட்டுக்குள் எங்கோ கண்ணுக்கெட்டாத வீட்டிலிருந்தும் ஒன்று வரும். எல்லாம் வந்து முடிகிற இடம் அவர் காலடியில் இருக்கும் தொட்டி. ரயில்பாதை மட்டும் துருப்பிடித்து ஒரு பக்கமாகக் கிடக்கும், அதில் யாரும் நடந்த அடையாளம் இருக்காது.

கடப்பாரை ஒரு தடவை தகரத்தில் முட்டியது. ஆனால் அவர் அதை ஊன்றிக்கொண்டு இறங்கத்தான் தொடங்கியிருந்தார்.

கீழே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உள்ளங்கைகள் தகரம் சுட்டுச் சிவந்திருந்தன. யாரையும் பார்க்காமல், "தண்ணி" என்றார்.

நிக்காசியா குவளையை நீட்டினாள். வாங்கியவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் தயங்கினார். "இதைக் குடிச்சா நானும் ஆணி அடிக்கணுமா?"

"தண்ணிக்கு மிங்கா கிடையாதுங்க. யாரு வந்தாலும் குடுக்கறதுதான்."

குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டு வெறும் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமி, ஆட்களுக்கு உத்தரவு போடும் குரலில் பேசினார்.

"நாளைக்குத் தண்டவாளத்தை எடுங்க. முழுசா. அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்." கொட்டகைத் தகரத்தை விரலால் சுண்டினார். அது மணிபோல் ஒலித்தது, ஊரே கேட்டது. "இந்தக் கூரை சரிப்படாது. மொத்தம் துரு. லாரி டீசலுக்குக்கூடத் தேறாது." நிக்காசியாவை நேராகப் பார்த்தார். "என்ன தோன்யா, நான் சொல்றது சரிதானே?"

ஊர் முழுவதும் நிக்காசியாவின் வாயைப் பார்த்தது. அவள் முகம் சிவந்தது, பழக்க தோஷம். ஸ்டேஷன் மாஸ்டர் டின் வெட்டியது, லிபோரியோ ஒவ்வொரு குளிருக்கும் தார் பூசியது, இன்று அவள் ஒன்று விடாமல் ஆணி அடிக்க வைத்த கூரையின் பெருமை, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"சரிதாங்க" என்றாள். "ஒண்ணுக்கும் ஆகாத கூரைங்க அது. சல்லடைதான்."

"என் ஆடுகூட அடியில நிக்காது" என்றான் செராப்பியோ கிழவன் அவசரமாக.

"காத்தடிச்சா பறந்துரும்!"

"குப்பை முதலாளி, சுத்தக் குப்பை" என்றார் பவுதிலியோ, கையில் சுத்தியலோடு.

ஆளுக்கொரு குறை சொன்னார்கள். கூரை மேல் அத்தனை வசவும் விழுந்தது. நிக்காசியா மட்டும் சுவரோரம் திரும்பி நின்று, துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.